அன்றிரவு அம்மா விரட்டிய நாய்கள்

போலீஸ்காரர் கொடுத்த பாலித்தீன் பையில் மூன்று பொருட்கள் இருந்தன: தம்பியின் கைக்கடிகாரம், பர்ஸ், செல்போன். போனின் திரை நொறுங்கிப்போயிருந்தது. ஆனால் பின்பக்க உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் அந்த உறைக்குள் அவன் செருகிவைத்திருந்த வாக்குத்தத்த அட்டை அப்படியே இருந்தது. ரோஜாப்பூ படம், அதன்மேல் மஞ்சள் எழுத்தில் 91ஆம் சங்கீதம், 10ஆம் வசனம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது புது வருடத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் என்று தட்டில் வைத்து நீட்டுவார்களே, அதில் எடுத்தது. முதலில் அவன் கையில் வந்தது வேறு அட்டை. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்ற ஏசாயா வசனம். "தண்ணி, ஆறுன்னு என்னமோ வருது, எனக்கு வேண்டாம், இத நீ வச்சுக்கோக்கா" என்று என் கையில் திணித்துவிட்டு இரண்டாவது தடவை எடுத்தான். தட்டைப் பிடித்திருந்த பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஆகஸ்டில் அவன் போய்விட்டான். வயது 29.

விபத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நாற்கரச் சாலை, விளக்குப் போடாமல் நின்ற ஒரு லாரி, அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிந்தைய இரவைப் பற்றி. அந்த இரவை ஐந்து வருடமாக யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் துக்கம் மட்டும் அல்ல, வெட்கமும்தான்.

ஊரில் அசனப் பண்டிகை, சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் திருவிழா, என்று நானும் சென்னையிலிருந்து வந்திருந்த வாரம் அது. இருட்டிவிட்டதால் போஸ்ட்மார்ட்டம் காலையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவனைப் பிணவறையில் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பத்து மணிவாக்கில் ஜெபம் செய்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா மட்டும் பிணவறை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வளாகத்தில் நாய்கள் உண்டு. எங்கோ மரத்தடியில் படுத்திருந்தவை நேரம் ஆக ஆக அந்தக் கதவைச் சுற்றி வர ஆரம்பித்தன. அம்மா எங்கிருந்தோ ஒரு வேப்பங்கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாய் வரும்போதெல்லாம் எழுந்து "ச்சீ, போ" என்று விரட்டினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். வாட்ச்மேன் பொறுமையான மனுஷன். "உள்ள போகாதும்மா, பூட்டியிருக்கு" என்றார். "பூட்டுனது நமக்குத் தெரியும்யா, நாய்க்குத் தெரியுமா" என்றாள் அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் சேகரத்துப் பெரியவர் ஒருவர் போகும்போது என் காதருகில், "அம்மாவக் கூட்டிட்டுப் போம்மா. நாலு பேரு பாக்காங்க. நாம விசுவாசத்துக்குச் சாட்சியா இருக்கணும்லா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அம்மாவிடம் கெஞ்சினேன். பிறகு கொஞ்சம் அதட்டினேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். "அவன் அங்க இல்லம்மா, அவன் கர்த்தர்கிட்ட இருக்கான்." நான் அப்படித்தான் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "அது சரி. நீ போட்டி. நான் இங்கன இருக்கேன்" என்றாள். ஒரு மணிக்கு நான் சித்தப்பாவின் பைக்கில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். போய்த் தூங்கியும் விட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது அம்மா அதே படியில், கம்பு மடியில் இருக்க, உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டியிருந்தது.

ஆறுதல் சொன்னவர்கள்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒப்பாரி கிடையாது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாமாலையும் கீர்த்தனையும் பாடுவோம். அது நல்ல வழக்கம்தான். அந்தப் பாட்டுகள் இல்லையென்றால் அந்த ஒன்றரை நாளை எப்படிக் கடந்திருப்போம் என்று தெரியவில்லை. ஆனால் பாட்டுக்கு நடுவில் அம்மா குரல் உயர்ந்தால் உடனே ஒரு கை வந்து தோளை அழுத்தும். "நம்பிக்கையற்றவங்க மாதிரி அழக் கூடாதும்மா." பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை நான் பிறகு நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. நடுவில் இருக்கும் சொற்களைப் பிடுங்கிவிட்டு வசனத்தை மட்டும் கையில் கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் இழந்த யோபுவையும் அப்படித்தான் செய்கிறோம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது 1ஆம் அதிகாரம். நினைவு அட்டையில் அச்சடிப்பதற்கு அளவாக இருக்கும் வரி அது. 3ஆம் அதிகாரத்தில் அதே மனிதர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்கு அட்டை கிடையாது. மொத்தம் 42 அதிகாரங்கள். அதில் முக்கால்வாசி, ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோடு அவர் போடும் சண்டை. கடைசியில் கடவுள், சரியாகப் பேசியது யோபுதான், நண்பர்கள் அல்ல என்கிறார். துக்க வீட்டுக்குப் போகும் முன் எல்லோரும் அந்தக் கடைசி அதிகாரத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் போகலாம்.

அந்த வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு நாள் கோபத்தில் 91ஆம் சங்கீதத்தைத் தேடிக்கொண்டு போனபோதுதான் ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த ஒன்று உறைத்தது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தான் தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்திவைத்து எடுத்துச் சொன்னது இதே சங்கீதத்தைத்தான், தம்பியின் அட்டையில் இருந்த வரிக்கு அடுத்த இரண்டு வரிகளை. குதி, தூதர்கள் தாங்குவார்கள், எழுதியிருக்கிறதே என்று. இயேசு குதிக்கவில்லை. அதனால் சங்கீதம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் அது எனக்குப் பிரியமான சங்கீதம். ஆனால் அதை ஒருவர் கையில் காப்பீட்டுப் பத்திரம் மாதிரி கொடுப்பது பழைய தந்திரம்தான், யார் தொடங்கிவைத்தது என்பதும் எழுதியிருக்கிறது.

சரி, கோபம் எவ்வளவு நாள் தாங்கும்? அது அடங்கியபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வராது. வேதத்தைத் திறந்தால் சிவப்புப் பென்சிலால் கோடிட்ட பழைய வசனங்கள் எல்லாம் வேறு யாருக்கோ வந்த கடிதங்கள் போல இருந்தன. ஆறுதல் புத்தகங்கள் நிறைய வந்து சேர்ந்தன. எல்லாவற்றின் அட்டையிலும் சூரிய உதயம். பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. அப்புறம் ஒரு மழை நாளில் அலமாரியிலிருந்து தடித்த ரஷ்ய நாவல் ஒன்றை எடுத்தேன். அதைப் பார்த்த பெரியம்மாதான் முதலில் சத்தம் போட்டாள். "ஏட்டி, மனசு சரியில்லாத நேரத்துல கொலையும் சாவுமா இருக்க புஸ்தகத்தயா படிக்கது?"

கொலையும் சாவுமாக இருக்கும் புத்தகம்

பெரியம்மாவுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. கையில் இருந்தது தஸ்தயெவ்ஸ்கியின் 'கரமாசோவ் சகோதரர்கள்'. அப்பாவைக் கொன்றது எந்த மகன் என்ற கதை. நடுவில் அந்த மகன்களில் ஒருவனான இவான், சித்திரவதை செய்யப்பட்ட குழந்தைகளின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தம்பியிடம் அடுக்கிக்கொண்டு போகிறான்; நியாயமான எந்தக் கடவுளும் பதில் சொல்ல முடியாத மாதிரி அடுக்குகிறான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. நாவலின் தொடக்கத்தில் மடாலயத்து வாசலில் வந்து நிற்கும் ஒரு கிராமத்துப் பெண். மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவான மகனைப் புதைத்துவிட்டு ஊர் ஊராக நடந்து வந்தவள். துறவி சோசிமா முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கிறார். உன் பிள்ளை தேவதூதர்களோடு இருக்கிறான், அழாதே என்கிறார். அவள், என் புருஷனும் இதையேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு அவரும் அழுகிறாரே என்கிறாள். ஒரே ஒரு தடவை அவன் வீட்டுக்குள் ஓடும் அந்தச் சின்னக் காலடிச் சத்தத்தைக் கேட்டால் போதும் என்கிறாள். அப்போது துறவி பேச்சை மாற்றுகிறார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாமல் இருந்தாளே, உன் வழியும் அதுதான். ஆறுதல் அடையாதே, அழு என்கிறார். வெகுகாலம் அழுவாய், பிறகு அந்த அழுகையே அமைதியான ஒரு மகிழ்ச்சியாக மாறும் என்று அதற்கு அப்புறம்தான் சொல்கிறார்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். அடக்கம் முடிந்து நாலு மாதம் கழித்து, சத்தம் போட்டு, யார் கையும் தோளில் வந்து அழுத்தாமல்.

அந்தக் காட்சி எப்படி வந்தது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. 1878 மே மாதம் தஸ்தயெவ்ஸ்கியின் கடைசி மகன் அல்யோஷா இறந்துபோனான். அவனுக்கும் மூன்று வயது நிரம்பவில்லை. வந்தது வலிப்பு, அப்பாவிடமிருந்த அதே நோய். அடுத்த மாதம் இளம் தத்துவ அறிஞர் சொலோவ்யோவ் துணைக்கு வர, தஸ்தயெவ்ஸ்கி ஆப்டினா மடாலயத்துக்குப் போய் அம்புரோஸ் என்ற முதிய துறவியைப் பார்த்தார். அங்கே தன் மனைவிக்காக அவர் கேட்டுவந்த வார்த்தைகள்தான் அந்தக் கிராமத்துப் பெண்ணுக்குச் சொல்லப்படுகின்றன என்று மனைவி அன்னாவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1879இல் நாவல் பத்திரிகையில் வரத் தொடங்கியபோது அதன் இளைய சகோதரனுக்கு இறந்த பிள்ளையின் பெயர் இருந்தது. இதைப் படித்த பிறகு இவான் அடுக்கும் அந்தக் குழந்தைகளின் பக்கங்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. பிள்ளையைப் புதைத்த கை அந்தப் பக்கங்களை எழுதியிருக்கிறது. கடவுளுக்கு எதிரான வாதத்தைப் பலவீனமாக்கி எழுத அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் இருப்பதிலேயே பலமாக எழுதிவைத்திருக்கிறார். அந்த நேர்மையில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இவ்வளவு இருட்டைப் பார்த்த ஒருவர் ராகேலைப் பற்றிச் சொன்னால் கேட்கலாம்.

ராகேலின் அந்த வசனம் எரேமியாவில் இருப்பது, மத்தேயுவில் கிறிஸ்து பிறப்புக் கதைக்குள் வருகிறது. வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது தெர்மாகோல் கிரீடத்தோடு வந்து பல்லைக் கடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். ஏரோது பெத்லகேமில் கொல்லவைத்த குழந்தைகளின் தாய்மார்களாக யாரும் வேஷம் போட்டு நான் பார்த்ததில்லை. 88ஆம் சங்கீதத்திலிருந்து வாக்குத்தத்த அட்டை வந்தும் நான் பார்த்ததில்லை. ஏமான் என்பவர் பாடிய சங்கீதம். புலம்பலாகத் தொடங்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு வரியிலாவது துதியில் வந்து முடியும், இது முடியாது. நம் பழைய மொழிபெயர்ப்பில், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று நிற்கிறது. எபிரெயத்தில் கடைசிச் சொல் இருள் என்பதே. அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டவரின் பாட்டையும் யாரோ ஒருவர் வெட்டாமல், ஒட்டுப்போடாமல், ஆலயத்தில் பாடுவதற்கென்று வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதானோ என்னமோ. கொலையும் சாவுமாக இருக்கும் புத்தகத்தைப் படிக்காதே என்றால் முதலில் வேதத்தை மூட வேண்டும்.

பாறைமேல் ஒரு சாக்கு

அப்படித்தான் அடுத்த வருடம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், யாரும் பிரசங்கம் செய்யாத அதிகாரங்களாகப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்கள். அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கதை. ஒரு புதன்கிழமை இரவு இரண்டாம் சாமுவேல் 21க்கு வந்தேன்.

கதை கொடூரமானது. தாவீதின் நாட்களில் மூன்று வருடம் தொடர்ந்து பஞ்சம். காரணம், தாவீதுக்கு முந்தைய ராஜா சவுல் கிபியோனியர் என்ற இனத்தாரைக் கொன்ற இரத்தப்பழி என்று தெரியவருகிறது. சவுல் செத்து வெகுகாலம். கிபியோனியர் வெள்ளி, பொன் வேண்டாம், அவன் வம்சத்தில் ஏழு பேரைக் கொடு என்கிறார்கள். தாவீது கொடுக்கிறார். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் இரண்டு பிள்ளைகள், சவுலின் மகள்வழிப் பேரன்கள் ஐந்து பேர். ஏழு பேரையும் மலைமேல் ஒரே நாளில் தூக்கில் போடுகிறார்கள். அது அறுப்புத் தொடங்கும் காலம். அப்புறம் ரிஸ்பாள் வருகிறாள். சாக்குத் துணியை எடுத்துப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். அறுப்பு தொடங்கிய நாளிலிருந்து வானத்திலிருந்து மழை அந்த உடல்கள்மேல் விழும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் அவர்களை அண்டவிடாமல் விரட்டிக்கொண்டு இருக்கிறாள்.

இரவில் மிருகங்களை. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. பிணவறைப் படி, வேப்பங்கம்பு, "ச்சீ, போ".

அன்று முழு இரவும் நான் தூங்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த நாலைந்து வசனங்களையே படித்தேன். பாலஸ்தீனத்தில் வாற்கோதுமை அறுப்பு நம் சித்திரை வாக்கில் வரும்; முன்மாரி விழுவது ஐப்பசி வாக்கில். வழக்கமான மழைதான் என்றால் கிட்டத்தட்ட ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஒரு உடல் என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தால், அவள் காத்துக்கொண்டிருந்தது எதை என்ற கேள்வி வருகிறது. முகம் போயிருக்கும். பிறகு எலும்புதான் மிஞ்சியிருக்கும். எந்த எலும்பு தன் பிள்ளையுடையது, எது சவுலின் மகள் பிள்ளைகளுடையது என்றுகூடப் பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். அப்போதும் விரட்டியிருக்கிறாள், ஏழு பேருக்காகவும். இவ்வளவுக்கும் வேதத்தில் ரிஸ்பாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு இடங்களில் வருகிறாள், இரண்டிலும் வாய் திறக்கவில்லை. ஜெபித்தாள் என்று இல்லை. விசுவாசித்தாள் என்று இல்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்து விசுவாச வீரர்கள் வரிசையில் அவள் பெயர் கிடையாது. அவளைப் பார்த்து ஒருவரும் சாட்சி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தூக்கியவரை மரத்தில் இரவு முழுக்க விடக் கூடாது, அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்பது மோசேயின் சட்டம், உபாகமத்தில் இருக்கிறது. அதை யாரும் நினைக்கவில்லை. ரிஸ்பாள் செய்தது ராஜாவின் காதுக்குப் போகிறது. அப்போதுதான் தாவீதுக்கு, சவுலும் அவர் மகன் யோனத்தானும்கூட இன்னும் தங்கள் சொந்தக் கல்லறையில் இல்லை என்பது உறைக்கிறது. யாபேஸ் என்ற ஊரிலிருந்து அவர்கள் எலும்புகளை எடுத்துவந்து, தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, அடக்கம் செய்ய வைக்கிறார். இதற்கு அடுத்த வரியைத்தான் நான் அந்த இரவில் கவனித்தேன். "அதன்பின்பு" தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று இருக்கிறது. எதன் பின்பு? ஏழு பேரைத் தூக்கிய பின்பு அப்படி எழுதவில்லை. எலும்புகளைப் பொறுக்கி அடக்கிய பின்புதான் எழுதியிருக்கிறது. கொலை செய்தால் கடவுள் சமாதானமாவார் என்று ராஜா கணக்குப் போட்டார். கதையோ அந்த இடத்தில் கடவுள் சமாதானமானார் என்று சொல்லவில்லை. ஒரு அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்து, அவளால் எல்லோரும் புதைக்கப்பட்ட பிறகுதான் அவர் கேட்டார் என்று சொல்கிறது. இதை இறையியல் படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குக் கவலை இல்லை. எனக்கு அந்த வரிசை போதும்.

அந்த வருடம் புனித வெள்ளி மும்மணி ஆராதனையில் மத்தேயு 27 வாசித்தார்கள். எத்தனையோ தடவை கேட்ட அதிகாரம். அரிமத்தியா யோசேப்பு உடலை வாங்கி, துணியில் சுற்றி, கல்லறையில் வைத்து, கல்லைப் புரட்டி மூடிவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வசனம், மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும் அங்கே கல்லறைக்கு எதிராக உட்கார்ந்திருந்தார்கள் என்கிறது. கல் வைத்து மூடியாயிற்று. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. பூட்டிய கதவுக்கு எதிரே எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள்? கேட்டிருந்தால் அவர்களுக்கும் பதில் தெரிந்திருக்காது. பேதுரு உட்பட மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவர்களும் என்னைப் போல எங்கோ போய்த் தூங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செய்தி யாருக்கு முதலில் வந்தது என்பது நமக்கு எல்லாம் தெரிந்ததுதான். உடலை விட்டு நகராதவர்களுக்கு, அதுவும் உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து அல்ல, பிணத்துக்குப் பூச வாசனைப் பொருளோடு வந்தவர்களுக்கு.

அம்மா சொன்னது

அந்த ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. சனிக்கிழமை எங்கள் கோயிலில் ஒன்றும் கிடையாது. பெஞ்சு துடைப்பார்கள், மறுநாளுக்குப் பூ கட்டுவார்கள், கறுப்புத் துணியை எடுத்துவிட்டு வெள்ளை விரிப்பார்கள். அந்த நாளில் நடந்தது என்று சொல்ல யாரிடமும் கதை இல்லை. மத்தியானம் அம்மா அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிஸ்பாள் வசனத்தை வாசித்துக் காட்டினேன். குரல் நடுங்கியது. பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு.

"ரிஸ்பாளா" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெண்கள் ஐக்கிய சங்கத்துல வேத வினாடி வினாவுக்கு வரும். சாக்கை விரித்து உட்கார்ந்த பெண் யார்? ரெண்டு மார்க்கு."

"அன்னைக்கு ராத்திரி நீ அவளத்தான் நெனச்சியாம்மா?"

"எவள?"

"இவளத்தான். ரிஸ்பாள."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. "ரிஸ்பாளாவது ஒண்ணாவது. நாய் வந்துச்சு, வெரட்டுனேன்."

கொஞ்ச நேரம் காம்பை ஒடிக்கும் சத்தம் மட்டும். அப்புறம் அவளாகவே கேட்டாள். "நீ அன்னைக்குச் சித்தப்பா வீட்டுல தூங்குனியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "தூங்கிட்டேம்மா" என்றேன்.

"நல்லது" என்றாள். "காலைல கையெழுத்துப் போடுறதுக்கும் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசுறதுக்கும் ஒருத்தருக்காவது தெம்பு வேணும்லா. நீயும் உக்காந்திருந்தா யாரு பாக்க?" சொல்லிவிட்டுக் கீரையைச் சுளகில் தட்டி எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் நாலு மணி ஆராதனையில் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் ஐயர் சொன்னபோது என் வாயிலிருந்தும் பதில் வந்தது. மனசில் எந்தப் பிரகாசமும் இல்லை. ஆனால் அதைச் சொல்வது பொய்யாகத் தோன்றவில்லை. சில மாதங்களுக்கு முன் என்றால் தோன்றியிருக்கும். அந்த வித்தியாசத்தை என்னால் விளக்க முடியவில்லை. அவன் திரும்ப வரவில்லை. அந்த லாரி ஏன் அங்கே நின்றது என்று கடவுள் சொல்லவில்லை. யோபுவுக்குக் கடைசியில் ஆடுமாடெல்லாம் இரண்டு மடங்காகக் கிடைக்கிறது, 7000 ஆடு 14000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் முன்பு போல அதே பத்துதான். அந்தக் கணக்கு ஏன் இரண்டு மடங்காகவில்லை என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். முதல் பத்துப் பேர் தொலைந்துபோகவில்லை, ஆடுகள் மாதிரி அல்ல, எங்கோ இருக்கிறார்கள், அதனால் பத்தும் பத்தும் இருபது என்றார் அந்தப் போதகர். அன்று அதைக் கேட்டு வாய்ப்பாடு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். இப்போது சில நாள் அதை நம்புகிறேன். சில நாள் முடிவதில்லை. நம்ப முடியாத நாட்களில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவன் கல்லுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

போன பிப்ரவரியில் அம்மாவை டோனாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரிலிருந்து களக்காடு வழியாக பஸ்ஸில் போய்விடலாம். ஆனாலும் எழுபது வயதுவரை அவள் போனதில்லை. மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேலின் கல்லறை. 1895இல் இந்தியா வந்தவர், ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931இல் விழுந்து காயப்பட்டு, கிட்டத்தட்ட இருபது வருடம் படுக்கையறையை விட்டு அதிகம் வெளியே வராமல், 1951இல் இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் வளர்த்த பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்திருக்கிறார்கள்.

அம்மா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மைனா வந்தது, இன்னொன்று வந்தது. நான் ரிஸ்பாளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

"அவனுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வைக்கலாமாட்டி?" என்றாள்.

"கல்லறைத் தோட்டக் கமிட்டில கேக்கணும்மா."

"ஒத்துக்கிட மாட்டானுவ. கொசு வரும்பானுவ." தண்ணீர் பாட்டிலைத் திறந்து தானும் குடித்து எனக்கும் கொடுத்தாள். "கேட்டுப் பாப்போம். எந்திரி, நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் ஆறுக்குத்தான்."